அறுபதுக்குப் பின் அவள் கையில் என்ன இருக்கும்?

கல்யாணம், குழந்தை, சொத்துப் பத்திரம்: பெண்களின் ஓய்வுக்காலப் பணம் தொலைவது இந்த மூன்று இடங்களில்தான். அங்கே ஒரு நல்ல நிதி வழிகாட்டி நின்றால் என்ன மாறும்?

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, ஒரகடம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலோ, ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ஐந்தாறு வருடம் வேலை பார்த்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. வேலையை விடுகிறாள். அடுத்து வீட்டில் எழும் கேள்வி, "பிஎஃப் பணம் எப்ப வரும்?" என்பதுதான். பணம் வருகிறது. மண்டப வாடகையிலும் சீர்ப் பாத்திரத்திலும் ஒன்றரைப் பவுன் நகையிலும் கரைகிறது. யார் மீதும் குற்றமில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்கு அது தேவைதான். ஆனால் அவள் எடுத்துச் செலவழித்தது தன் அறுபது வயதின் பணம் என்று சொல்ல மட்டும் அங்கே ஆள் இல்லை.

சட்டமே இந்த வழக்கத்துக்கு வழிவிட்டிருந்தது. வேலையை விட்டவர் பிஎஃப் பணத்தை முழுவதுமாக எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியில், கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பெண்ணின் சேமிப்பு கல்யாணத்துக்கானது என்பதில் வீட்டுக்கும் அரசுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆகவே இது நாலு வீட்டுக் கதையில்லை. ஒரு மாநிலத்தின் பெண்கள் எப்படி முதுமைக்குள் நுழையப் போகிறார்கள் என்ற கேள்வி.

பாஸ்புக் இருக்கிறது, திட்டம் இல்லை

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100-க்கு 92 பெண்கள் தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாட்டிலேயே மிக நல்ல நிலைகளில் ஒன்று இது. ஆனால் தேசிய நிதிக் கல்வி மையம் 2019-இல் நடத்திய ஆய்வில், நிதி விவரம் அறிந்தவர்கள் என்று தேறிய பெண்கள் நாடு முழுவதும் 21 சதவீதம்தான். ஆண்களும் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. அவர்கள் 29 சதவீதம்.

கணக்கு கைக்கு வந்துவிட்டது. கணக்குப் போடும் பழக்கம் வரவில்லை. அதற்கு நேரமும் இல்லை. 2019-இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அந்த ஐந்து மணி நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது, பிஎஃப்பும் கிடையாது.

இன்னொரு பக்கம், மாநிலம் வேகமாக மூப்படைகிறது. 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்றும், 2031-இல் இது 18.2 சதவீதமாகும் என்றும் மத்தியப் புள்ளியியல் அமைச்சக அறிக்கை மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். கணவரைவிட இளையவராகவும் இருக்கிறார்கள். கணவர் போன பிறகு தனியாக ஓட்ட வேண்டிய ஆண்டுகள் பெரும்பாலும் மனைவிக்குத்தான் வாய்க்கின்றன. குறைவாகச் சம்பாதித்து, இடையில் நிறுத்தி, அதிக காலம் வாழ வேண்டிய ஒருவருக்குத்தான் திட்டம் அதிகம் தேவை. நம் வீடுகளில் திட்டமில்லாமல் இருப்பதும் அவர்தான்.

முதல் திருப்பம்: கல்யாணம்

ஒரு கணக்குப் பார்ப்போம். 19 வயதில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு பிஎஃப் பிடிக்கப்படும் சம்பளம் 12,000 ரூபாய். அவள் பங்கு 12 சதவீதம்; நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். நிறுவனப் பங்கில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும். மீதியும் அவள் பங்கும் சேர்ந்து மாதம் சுமார் 1,880 ரூபாய் பிஎஃப் கணக்கில் விழும். 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆறு ஆண்டில் ஏறத்தாழ 1.73 லட்சம்.

இதை 25 வயதில் எடுக்காமல் விட்டால்? வேலையில் இல்லாவிட்டாலும் 58 வயது வரை அந்தக் கணக்கில் வட்டி சேரும். அதே 8 சதவீதம் நீடித்தால் 58-இல் அது சுமார் 22 லட்சம். விலைவாசியைக் கழித்துச் சொல்வதுதான் நேர்மை: ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், அந்த 22 லட்சத்தின் இன்றைய மதிப்பு 3 லட்சத்துக்குச் சற்று மேல். கோடீஸ்வரியாகும் கதையில்லை. ஆனாலும் இடையில் ஒரு பைசா போடாமலே இருந்த பணம், விலைவாசியை முந்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது.

"சரி, கல்யாணத்துக்குப் பணம் வேணுமே?" என்ற கேள்வி நியாயமானது. இங்கேதான் வழிகாட்டி உதவுகிறார். எடுக்காதே என்று அவர் கட்டளையிடுவதில்லை. பிஎஃப் வேறு, பென்ஷன் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். பிஎஃப் பணத்தை எடுத்தே தீர வேண்டும் என்றாலும், பென்ஷன் பகுதியைத் தொடாமல், அதற்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைக்கலாம். 1995-ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்தில் 58 வயதில் ஓய்வூதியம் பெற 10 ஆண்டு பணி தேவை. ஆறு ஆண்டுக்கான சான்று கையில் இருந்தால், குழந்தைகள் பள்ளிக்குப் போனபின் 35 வயதில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்து இன்னும் நான்கு ஆண்டு சேர்த்தாலே உரிமை வந்துவிடும். அப்போதும் சம்பளம் 12,000 என்றே வைத்தாலும், மாதம் சுமார் 1,700 ரூபாய், ஆயுள் முழுக்க. பென்ஷன் பணத்தையும் 10-சி படிவம் போட்டு எடுத்துவிட்டால் அந்த ஆறு ஆண்டும் அழிந்துவிடும். பிறகு முதலிலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்ற விஷயம் இது. கம்பெனி வாசலில் அன்றைக்குச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

இரண்டாம் திருப்பம்: குழந்தை

சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால விடுப்பு 2017 முதல் சட்டம். அதற்குப் பிறகுதான் சிக்கல். மாமியாருக்கு முடியவில்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று பெண் வேலையை விடுகிறார். எந்தத் தேதியில் விடுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. நிரந்தரத் தொழிலாளர்களுக்குக் கிராஜுவிட்டி கிடைக்க ஐந்தாண்டுப் பணி என்பது பொது விதி. நாலரை வருடத்தில் ராஜினாமா கொடுப்பவர், சில மாதம் முந்தியதற்காக அந்தத் தொகையை இழக்கக்கூடும்.

வேலையை விட்ட பிறகு, சம்பளம் இல்லாதவளுக்குச் சேமிப்பு எதற்கு என்ற எண்ணம் வீட்டில் தானாகவே வந்துவிடுகிறது. வழிகாட்டி வற்புறுத்தும் விஷயம் இதற்கு நேர்மாறானது. மனைவி வீட்டிலிருக்கும் ஆண்டுகளில் கணவரின் சம்பளத்திலிருந்து மனைவியின் பெயரில் ஒரு தொகை போக வேண்டும். பொது வருங்கால வைப்பு நிதியான பிபிஎஃப் கணக்கை ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டி உயிரோடு வைத்திருக்கலாம். தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ் 2009 மே மாதம் முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, இல்லத்தரசியும் சேரலாம்.

சிறு தொகைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. மாதம் 1,000 ரூபாயை 8 சதவீத வளர்ச்சியில் 30 வயதிலிருந்து 60 வரை போட்டால் சுமார் 15 லட்சம். 40 வயதில் தொடங்கினால் 5.9 லட்சம். பத்தாண்டு தள்ளிப்போட்டதில் கையில் மிஞ்சியது 1.2 லட்சம், கடைசியில் குறைந்தது 9 லட்சம்.

மூன்றாம் திருப்பம்: பத்திரம்

பெண்ணின் முதுமையை ஒரே நாளில் மாற்றக்கூடிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். அவர் அங்கே பெரும்பாலும் கையெழுத்துப் போடத்தான் போகிறார்.

முதல் கையெழுத்து, அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற சட்டத்தைத் தமிழ்நாடு 1989-இலேயே கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் 2005-இல் வந்தது. உரிமை தாளில் இருக்கிறது. 'பிறந்த வீட்டு உறவு கெட்டுவிடும்' என்ற பயம் அதைவிடப் பலமாக இருக்கிறது.

இரண்டாவது கையெழுத்து, கணவர் இறந்தபின் மகனுக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிய சொத்தை, அது மீறப்பட்டால் தீர்ப்பாயம் ரத்து செய்ய இடம் தருகிறது. அந்த நிபந்தனையை எழுத்தில் காட்ட முடியுமா என்பதில்தான் பல வழக்குகள் தடுமாறுகின்றன. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் கொடுத்த உறுதிக் கடிதம் என்ற ஒன்று அந்த வழக்கில் முக்கிய இடம் பெற்றது. ஓய்வுக்காலத் திட்டம் என்றால் மியூச்சுவல் ஃபண்டும் பென்ஷனும்தான் என்று நினைக்கிறோம். பத்திரத்தில் 'என் ஆயுள் உள்ளவரை நான் குடியிருக்கவும், என்னைப் பராமரிக்கவும்' என்று ஒரு வரி சேர்ப்பது பல பெண்களுக்கு எந்த ஃபண்டையும்விடப் பெரிய ஓய்வுக்காலத் திட்டம்.

வழிகாட்டி என்னதான் செய்கிறார்?

ஃபைனான்ஷியல் கோச் என்று நகரத்தில் சொல்கிறார்கள். ஏஜென்ட் பாலிசி விற்பார். வகுப்பெடுப்பவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். வழிகாட்டி மறுபடி மறுபடி உட்காருகிறவர். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாம்.

முதல் அமர்வில் பணத்தைப் பற்றிப் பேச்சே வராது. காகிதங்கள் வரும். பாஸ்புக், பிஎஃப்-க்கான யுஏஎன் எண், எல்ஐசி பத்திரம், நகைக்கடன் ரசீது, சீட்டு நோட்டு, வீட்டுப் பத்திரம். எது யார் பெயரில், யார் நாமினி, ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் யாரிடம் என்று ஒரு தாளில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது. கல்யாணத்துக்கு முன் அப்பாவை நாமினியாகப் போட்டு, பிறகு மாற்றாமலே விட்டது அப்போதுதான் தெரியவரும்.

இரண்டாவது அமர்வு செலவுக் கணக்கு. இன்று மாதம் 25,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு, 6 சதவீத விலையேற்றத்தில் 15 ஆண்டு கழித்து சுமார் 60,000 தேவைப்படும். இந்த எண்ணைப் பார்த்ததும் பயந்து எழுந்து போகாமல் உட்கார வைப்பதுதான் வழிகாட்டியின் திறமை. மூன்றாவது அமர்வில் ஒரே ஒரு காரியம்: ஏதாவது ஒன்றைத் தொடங்குவது. நான்காவதில், தொடங்கியது நடக்கிறதா என்று பார்ப்பது. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்ற பதில் இடையில் வராமல் இருக்காது. நல்ல வழிகாட்டி அதோடு விட்டுவிடுவதில்லை. அடுத்த முறை வீட்டுக்காரரையும் சேர்த்து உட்கார வைக்கிறார்.

ஏழைப் பெண்களிடம் இது எடுபடுமா என்ற சந்தேகத்துக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. அகமதாபாத்தில் 1974-இல் இளா பட்டின் முயற்சியில், 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குப் பணம் போட்டுத் தொடங்கியது சேவா வங்கி. காய்கறி விற்பவர்களும் பீடி சுற்றுபவர்களும் அதன் உறுப்பினர்கள். வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பிச் சேமிப்பை வாங்கியது; கூடவே பணத்தைத் திட்டமிடச் சொல்லிக்கொடுத்தது. 2006-இல் யூடிஐ ஓய்வூதியத் திட்டத்தோடு கைகோத்து, மாதம் 50 ரூபாயில் பென்ஷன் சேமிப்பைத் தன் உறுப்பினர்களுக்குக் கொண்டுவந்தது. மாதாமாதம் வாசலுக்கு வந்த தெரிந்த முகம்தான் அந்த 50 ரூபாயைச் சாத்தியமாக்கியது.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் உதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. குழுக் கூட்டத்தில் கடன் பேசப்படுகிறது, தவணை பேசப்படுகிறது. 'அறுபதில் உனக்கு என்ன வரும்?' என்று மாதம் ஒரு உறுப்பினரின் கணக்கை எடுத்து வைத்துப் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஐயாயிரம் பென்ஷன் போதுமா?

கிராமத்துப் பெண்களிடம் அதிகம் பேசப்படும் திட்டம், 2015-இல் தொடங்கிய அடல் பென்ஷன் யோஜனா. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். 2022 அக்டோபர் முதல் வருமான வரி கட்டுவோர் சேர முடியாது. 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாயும், 30 வயதில் சேர்பவர் 577 ரூபாயும், 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாயும் கட்ட வேண்டும். இறந்தால் துணைக்கு அதே பென்ஷன். இருவருக்கும் பின் நாமினிக்கு 8.5 லட்சம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் 1,000 ரூபாயிலேயே 30 வயதுப் பெண் இதைக் கட்டிவிட முடியும்.

விற்பவர் இத்தோடு நிறுத்துவார். வழிகாட்டி அடுத்த வரியையும் சொல்வார்: 6 சதவீத விலையேற்றத்தில், முப்பதாண்டு கழித்து வரும் 5,000 ரூபாய் இன்றைய 870 ரூபாய்க்குச் சமம். ஆகவே இதில் சேருங்கள். இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

அறுபதைத் தொட்டவர்களுக்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் நம்பகமானது. 2025-இல் அதன் வட்டி 8.2 சதவீதம், உச்ச வரம்பு 30 லட்சம். 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். தங்கம் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று: நகை அவசரத்துக்கு உதவும், மாதாமாதம் வருமானம் தராது. வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் அடகுக்குப் போவதும் அதுதான்.

யாரை நம்புவது?

கட்டணம் கொடுத்து ஆலோசனை கேட்பதென்றால், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரா என்று முதலில் பாருங்கள். அவர் ஆலோசனைக்கு உங்களிடம் கட்டணம் வாங்குவார். அதே வாடிக்கையாளருக்குத் திட்டங்களை விற்றுக் கமிஷன் வாங்கக் கூடாது. அவரது பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரும் காப்பீட்டு ஏஜென்டும் கமிஷனில் வாழ்கிறவர்கள். அது தப்பில்லை, தெரிந்துகொண்டு பேச வேண்டும். "இதுல உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று நேராகக் கேளுங்கள்.

பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு, முன்னோடி வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி மையங்கள் இலவசம். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் நடத்திய நிதிக் கல்வி வாரத்தின் கருப்பொருளே பெண்களின் வளம்தான்.

மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்று யார் சொன்னாலும், அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்து, 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே போட வேண்டிவந்த மாநிலம் இது.

வழிகாட்டலால் ஆகாதது

மாதம் 8,000 ரூபாய்க்கு வீட்டு வேலை பார்க்கும் பெண்ணிடம் சிக்கனம் பற்றிப் பாடம் நடத்துவது அநியாயம். அவருக்கு முதலில் தேவை சரியான கூலி. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ளோருக்கு மத்தியப் பங்கு இன்னமும் மாதம் 200 ரூபாய்தான். மாநிலம் தன் பணத்தைச் சேர்த்து, 2023-இல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தியது. பிஎஃப் பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் 1,000 ரூபாயானது. பத்தாண்டு கடந்தும் அது அசையவில்லை. இவற்றை உயர்த்துவது அரசின் வேலை. எந்த வழிகாட்டியும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

ஆனால் இருக்கிற பணம் தெரியாமல் கைவிட்டுப் போவதைத் தடுக்கலாம். அதற்கு அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது எளிது. ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், பிஎஃப் படிவத்தை நீட்டுமுன் அரை மணி நேர ஆலோசனை கட்டாயமாகட்டும். சுய உதவிக் குழுக் கூட்டங்களில் ஓய்வுக்காலக் கணக்கு ஒரு நிரந்தரப் பொருளாகட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் செட்டில்மெண்ட் எழுத வரும் தாயிடம், பராமரிப்பு நிபந்தனை சேர்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லப்படட்டும்.

வாசகிகளே, இந்த வாரமே உங்கள் யுஏஎன் எண்ணைத் தேடி எடுங்கள். நாமினி யார் என்று பாருங்கள். உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் சேமிப்பு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாசகர்களே, அதே தாளை உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் வெறுமையாக இருந்தால், 500 ரூபாயில் இந்த மாதமே தொடங்குங்கள்.